ஓர்கிட் பெருக்கத்தில் ஓமோன்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூங்கன்றுக் கடை வாசலிலும், கண்காட்சி மேசையிலும், இரவு ஒன்பது மணித் தொலைபேசியிலும் வருகிற கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இலக்கமிட்டிருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் திருப்பிச் சொல்லவில்லை, இலக்கத்தைப் பார்த்துப் போய் வாசியுங்கள்.

1. ஓமோன் எண்டா என்ன? அதுவும் ஒரு உரம்தானே?

உரம் சாப்பாடு. ஓமோன், "இந்த இடத்தில் முளை விடு, அந்த இடத்தில் வேர் விடு" என்று செடிக்குச் சொல்லும் கட்டளை. சாப்பாடில்லாத வீட்டில் கட்டளை போட்டு வேலை நடக்காது. உரத்தைக் கிராமில் நிறுக்கிறோம், ஓமோனை மில்லிகிராமில். அதனால் "கொஞ்சம் கூடப் போட்டால் நல்லது" என்ற உரக் கணக்கு இங்கே செடியைக் கெடுத்துவிடும்.

புகையிலைத் தோட்டம் பார்த்தவருக்கு இது புதிதல்ல. நுனியைக் கிள்ளிய சில நாளில் இலைக் கக்கங்களில் பக்கமுளை வெடிக்கும், பிறகு அதைக் கிள்ள ஆள் பிடிக்கவேண்டும். நுனியிலிருந்து இறங்கும் ஒட்சின் என்ற ஓமோன் பக்கமொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனி போனால் அந்தத் தடை போய்விடும், வேர்ப்பக்கமிருந்து ஏறும் சைற்றோகைனின் என்ற இன்னொரு ஓமோன் மொட்டை எழுப்பும். ஓர்கிட்டில் நாம் செய்வதும் இதைத்தான், நுனியை வெட்டாமல் சைற்றோகைனினை வெளியிலிருந்து மொட்டில் வைக்கிறோம். 1957இல் ஸ்கூக், மில்லர் இருவரும் இந்த இரண்டின் விகிதம்தான் முளையா வேரா என்பதைத் தீர்மானிக்கிறது என்று காட்டியதும் புகையிலை இழையத்தில்தான்.

2. பேர் எல்லாம் ஒரே குழப்பமாக் கிடக்கு. எது எதுக்கு?

முளைக்கு: சைற்றோகைனின் வகையில் பென்சைல் அமினோ பியூரின், சுருக்கமாக பி.ஏ.பி. கைனெற்றினும் இதே வகைதான், வலு குறைவு. தைடையசூரன் மிக வலுவானது, வீட்டு வேலைக்கு வேண்டாம். வேருக்கு: ஒட்சின் வகையில் என்.ஏ.ஏ, ஐ.பி.ஏ. இயற்கை ஒட்சினான ஐ.ஏ.ஏ வெளிச்சத்திலும் சூட்டிலும் சிதைந்துவிடும், காசு வீண். ஜிபரலின் தண்டை நீட்டும், குட்டி தராது. "பூ வரும்" என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். அளவு கூடினால் பூ நீண்டு கோணலாகும்.

வாங்கும்போது லேபலில் ஓமோனின் பெயரும் வீதமும் இருக்கிறதா என்று பாருங்கள். "வளர்ச்சி ஊக்கி" என்று மட்டும் போட்ட போத்தலில் கடற்பாசிச் சாறும் இருக்கலாம், ஒட்சினும் இருக்கலாம், சாயத்தண்ணீரும் இருக்கலாம்.

3. என்னட்டை டென்ரோபியமும் வாண்டாவும்தான் இருக்கு. எனக்கும் ஓமோன் வேணுமோ?

பெரும்பாலும் வேண்டாம். டென்ரோபியம், ஒன்சிடியம், கற்லியா எல்லாம் வாழை மாதிரி அடியிலிருந்து குட்டி தள்ளிப் பக்கவாட்டில் நகரும். ஒரு பகுதிக்கு மூன்று நான்கு தண்டு விட்டுப் பிரித்தால் போதும். ஒரு தண்டை மட்டும் பிரித்து நட்டால் அது பூக்க வருடங்கள் எடுக்கும்.

வாண்டாவை நுனியில் இரண்டு மூன்று நல்ல வேரோடு வெட்டி நடுங்கள். மிஞ்சிய அடிக்கட்டையை எறியாதீர்கள், இலை இருந்தால் சில மாதத்தில் கக்கத்தில் முளை வரும். ஓமோன் உண்மையில் கைகொடுப்பது பலனொப்சிஸுக்கு. அது ஒற்றைத் தண்டில் மேல்நோக்கி வளரும், பிரிக்க ஒன்றுமில்லை, நுனியை வெட்டினால் செடியே போகலாம்.

4. கெய்க்கி பேஸ்ற் எண்டு சொல்லுகினமே, அதை வீட்டில செய்யேலாதோ?

செய்யலாம். கெய்க்கி என்றால் ஹவாய் மொழியில் பிள்ளை. பூந்தண்டிலோ தண்டிலோ தாயில் ஒட்டியபடி வரும் குட்டிக்கு அந்தப் பெயர். பேஸ்ற் என்பது லனோலினில் கலந்த பி.ஏ.பி, அவ்வளவுதான். லனோலின் செம்மறியாட்டு மயிரிலிருந்து எடுக்கும் கொழுப்பு. பாலூட்டும் தாய்மாருக்கு பாமசியில் விற்கும் களிம்புகளில் நூறு வீதம் லனோலின் என்று போட்டது இதற்குப் பொருந்தும். வாசனை சேர்த்தது வேண்டாம். வசலினில் கலந்தாலும் வேலை செய்யும், ஆனால் எங்கள் வெயிலில் உருகித் தண்டில் வழிந்துவிடும்.

அளவு: 25 கிராம் லனோலினுக்கு 0.05 கிராம் பி.ஏ.பி. கிராமுக்கு 2 மில்லிகிராம் வரும். நகைக்கடைத் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும், ஆகவே இதைவிடச் சின்ன அளவில் செய்தால் நிறுவையே பிழைக்கும். தூளைச் சின்ன உரலில் ஐந்தாறு துளி ஸ்பிரிற் விட்டு மணல்தன்மை போகும்வரை அரையுங்கள். லனோலினைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்குங்கள், நேரடி நெருப்பு வேண்டாம். கொஞ்சம் லனோலினைத் தூளில் விட்டுக் குழைத்து, பிறகு மிச்சத்தோடு சேர்த்து, இறுகும்வரை கிளறுங்கள். இடையில் கிளறலை நிறுத்தினால் தூள் அடியில் படியும். மேலே எடுத்தவருக்கு ஒன்றும் வராது, அடியில் எடுத்தவருக்குக் கேள்வி 8இல் உள்ளது வரும்.

5. எந்தக் கணுவில, எவ்வளவு பூசுறது?

பலனொப்சிஸ் செடிக்குக் குறைந்தது நான்கு தடித்த இலையும் பச்சை நுனியுள்ள வேரும் இருக்கவேண்டும். பூந்தண்டு பச்சையாக இருக்கவேண்டும், மஞ்சளான தண்டில் பூசிப் பயனில்லை. கடைசிப் பூக்கள் வாடத் தொடங்கும் நேரம் நல்லது. அடியிலிருந்து எண்ணினால் பூவில்லாமல் நாலைந்து கணு இருக்கும். ஒவ்வொன்றையும் மெல்லிய முக்கோணச் செதில் ஒன்று மூடியிருக்கும். பூவுக்குக் கிட்டிய கணு பெரும்பாலும் பூக்கிளைதான் தரும், கீழுள்ள இரண்டாம் மூன்றாம் கணுக்களைத் தெரிவுசெய்யுங்கள்.

புது பிளேட்டை நெருப்பில் காட்டி ஆறவிடுங்கள். செதிலின் நடுவில் மேலிருந்து கீழாக மெல்ல ஒரு கீறல், பிறகு அடியில் தண்டைச் சுற்றி ஒரு கீறல். இடுக்கியால் இரண்டு பாதியையும் உரித்தெடுங்கள். உள்ளே குண்டூசித் தலையளவில் வெளிர்பச்சை மொட்டு தெரியும். உரிக்கும்போது அது காய்ந்த பழுப்பாக இருந்தால் அந்தக் கணு செத்தது, அடுத்ததற்குப் போங்கள். உயிர்மொட்டின் மேல்தோலை ஊசிநுனியால் ஒருமுறை மெல்லக் கீறி, பல்குத்தும் குச்சியில் தீக்குச்சித் தலையில் பாதியளவு பேஸ்ற் எடுத்து மொட்டை மூடி வையுங்கள். தண்டைச் சுற்றிப் பூசத் தேவையில்லை. ஒரு செடிக்கு ஒரு கணு, மிஞ்சினால் இரண்டு. ஐந்து கணுவிலும் பூசினால் ஐந்து குட்டி வரும் என்று கணக்குப் போடுபவர்கள் தாயையும் சேர்த்து இழந்துவிடுவார்கள்.

6. பூசி ஒரு மாசமாச்சு, ஒரு அசுமாத்தமும் இல்லை. திருப்பிப் பூசட்டோ?

பொறுங்கள். இரண்டு கிழமையில் வீங்குவதும் உண்டு, ஆறு எட்டுக் கிழமை எடுப்பதும் உண்டு. மொட்டு பச்சையாக இருக்கும்வரை நம்பிக்கை இருக்கிறது. எட்டுக் கிழமை போயும் அசையாவிட்டால் ஒரேயொரு முறை, முதலில் பூசிய அளவே பூசலாம். மொட்டு கொஞ்சமாவது வீங்கியிருந்தால் திருப்பிப் பூசவே கூடாது.

வராததற்குப் பொதுவான காரணங்கள்: செதிலை உரிக்காமல் மேலே பூசியது, மொட்டையே வெட்டி எடுத்தது, தண்டு பழுத்தது, தாய்க்கு வேர் அழுகியிருந்தது. கடைசிக் காரணம்தான் கூட. பூவைப் பார்த்துச் செடி நலம் என்று நினைக்கிறோம். சாடியிலிருந்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வேர் வெள்ளையாக, இறுக்கமாக இருக்கவேண்டும், விரலால் அழுத்தினால் தோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சினால் ஓமோனை மறந்து வேரைக் காப்பாற்றுங்கள்.

7. குட்டி வருமெண்டு பாத்தா திருப்பிப் பூந்தண்டுதான் வருகுது. பேஸ்ற் பிழையோ?

பேஸ்ற் மொட்டை எழுப்பும். எழும்பிய மொட்டு இலையாகுமா பூவாகுமா என்பதில் வெப்பநிலைக்கும் பங்குண்டு. பலனொப்சிஸ் சில கிழமை 25 பாகைக்குக் குறைவாக இருந்தால் பூப்பக்கம் சாயும், 28 பாகைக்கு மேல் இருந்தால் இலைப்பக்கம் சாயும். எங்களுக்கு மார்கழி, தை மாதங்களில்தான் வாடைக்குளிர் வருகிறது, அப்போதுதான் பூந்தண்டும் வருகிறது. அந்தக் குளிரிலேயே பேஸ்றையும் பூசினால் பூக்கிளை வருவது இயல்பு. மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை பூசுங்கள். பூ வேண்டுமென்பவனுக்கு எதிரியான எங்கள் வெக்கை, குட்டி வேண்டுமென்பவனுக்குத் துணை.

வந்த பூக்கிளையை வெட்டவேண்டியதில்லை. பூத்து முடியட்டும்.

8. பூசின இடத்தில பத்துப் பன்னிரண்டு முளை பூக்கோவா மாதிரித் திரண்டு நிக்குது. வேர் ஒண்டும் இல்லை.

அளவு கூடிவிட்டது. சைற்றோகைனின் கூடினால் முளைக்குப் பக்கத்திலேயே முளை வெடிக்கும், எதுவும் நீளாது, வேரும் வராது. வேரைத் தடுப்பது சைற்றோகைனினின் குணம்.

மிச்சப் பேஸ்றைப் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிற் தொட்டு மெல்லத் துடைத்தெடுங்கள், மொட்டில் வழியவிடாதீர்கள். பிறகு ஒன்றும் பூசாமல் மூன்று நான்கு மாதம் விடுங்கள். பெரிய இரண்டு முளையை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கத்திநுனியால் கழித்தால் மிஞ்சியவை நீளும். இலை இரண்டு விரற்கடை வளர்ந்தும் வேர் வராவிட்டால் குட்டியின் அடியைச் சுற்றி ஈரமான பாசியோ தென்னந்தும்போ வைத்து நூலால் தளர்வாகக் கட்டி, தினமும் நனையுங்கள். பெரும்பாலும் இந்த ஈரமே போதும். அதுவும் சரிவராவிட்டால் மட்டும் என்.ஏ.ஏ (கேள்வி 10).

9. குட்டியை எப்ப தாயிலயிருந்து வெட்டலாம்?

இரண்டு மூன்று இலையும், விரல்நீள வேர் இரண்டும் வந்த பிறகு. ஆறு மாதமும் எடுக்கும், ஒரு வருடமும் எடுக்கும். குட்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு சென்ரிமீற்றர் தண்டு விட்டு வெட்டுங்கள், வெட்டுவாயில் கறுவாத்தூள் தொட்டு ஒருநாள் காயவிடுங்கள். கறுவாத்தூள் வேரில் படக்கூடாது, வேரையும் உலர்த்திவிடும். சோளகம் அடிக்கும் மாதங்களில் வெட்டாதீர்கள்.

10. கடையில விக்கிற வேர்ப் பவுடரைத் தொட்டு நட்டாக் காணுமோ?

அந்தப் பவுடர்களில் பெரும்பாலும் ஐ.பி.ஏ இருக்கும், ரோசாத் தடிக்கும் செவ்வரத்தைக்கும் ஏற்ற அளவில். அதில் மொட்டை எழுப்பும் சக்தி இல்லை. பூந்தண்டில் பூசிக் குட்டி வரவில்லை என்றால் குறை பவுடரில் இல்லை. ஓர்கிட் வேர்நுனியில் நேரே படவும் கூடாது, நுனி கறுத்து நின்றுவிடும்.

டென்ரோபியத்தின் பழைய, இலை உதிர்ந்த தண்டுக்கு ஓரளவு உதவும். இரண்டு மூன்று கணுவுள்ள துண்டுகளாக வெட்டி, வெட்டுவாயைக் காயவிட்டு, ஈரமான தும்பின்மேல் படுக்கப்போட்டு, மேலே கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்ரிக் மூடி வைத்தால் கணுவில் குட்டி வரும். முளை வந்த பிறகு என்.ஏ.ஏ கரைசலில் 15 நிமிடம் அடியை வைக்கலாம். லீற்றருக்கு 50 மில்லிகிராமிலிருந்து தொடங்குங்கள், அதாவது கேள்வி 14இல் செய்யும் இருப்புக் கரைசலில் 5 மில்லிலீற்றரை 100 மில்லிலீற்றர் ஆக்கவேண்டும். வெட்டிய வாண்டா நுனிக்கும் இதே அளவு.

11. இளநீர் ஊத்தினா ஓமோன் ஊத்தினதுக்குச் சரி எண்டு அம்மம்மா சொல்லுறா. உண்மையோ?

பாதி உண்மை. தேங்காய்த் தண்ணீரில் சியாற்றின் போன்ற சைற்றோகைனின்கள் உண்டு. 1941இலேயே வான் ஓவர்பீக் ஊமத்தை முளையங்களை அதில் வளர்த்துக் காட்டினார், ஓர்கிட் ஆய்வுகூடங்கள் இன்றும் ஊடகத்தில் (போத்தலுக்குள் செடி வளர்க்கும் சத்துக்கூழ்) லீற்றருக்கு 100 முதல் 150 மில்லிலீற்றர் சேர்க்கின்றன. ஆனால் அது கிருமி நீக்கிய போத்தலுக்குள்.

சாடியில் ஊற்றினால் அதிலுள்ள சீனிக்கு முதலில் வருவது எறும்பு, அடுத்தது பூஞ்சணம், எறும்போடு சேர்ந்து வெள்ளைப்பூச்சி. இருபது மடங்கு தண்ணீர் கலந்து தெளித்து மறுநாள் கழுவுபவர்கள் உண்டு, தீங்கில்லை. கணுமொட்டை எழுப்ப அது காணாது.

12. விதை போட ஓமோன் கட்டாயமோ?

இல்லை. ஓர்கிட் விதை தூசி மாதிரி, அதற்குள் சேமிப்புச் சாப்பாடு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சணம்தான் ஊட்டி முளைக்கவைக்கிறது. 1922இல் லூயிஸ் நட்சன் பூஞ்சணம் இல்லாமல் சீனி கலந்த ஊடகத்தில் முளைக்கவைத்துக் காட்டினார். அதில் ஓமோன் இருக்கவில்லை. கைனெற்றின் கண்டுபிடிக்கப்பட்டதே 1955இல்.

வீட்டுக்கு ஓர் எளிய ஊடகம்: 800 மில்லிலீற்றர் சுத்தமான தண்ணீரில் (கேள்வி 15) முழுதும் கரையும் 20-20-20 உரம் 1 கிராம், சீனி 20 கிராம், வடித்துக் கொதிக்கவைத்து மீண்டும் வடித்த இளநீர் 150 மில்லிலீற்றர். லீற்றருக்கு நிரப்பி, பி.எச் தாளில் 5.2 முதல் 5.6 வரை கொண்டுவாருங்கள். கூடினால் வினாகிரி ஒரு துளி, குறைந்தால் அப்பச்சோடா ஒரு சிட்டிகை. பிறகு அகார் 8 கிராம் போட்டுக் காய்ச்சுங்கள். நோன்புக் காலத்தில் கடையில் கிடைக்கும் சாயமும் சீனியும் சேர்க்காத கடற்பாசி போதும். பி.எச் 5க்குக் கீழே போனால் இறுகாது, களியாகவே நிற்கும்.

13. லாப் இல்லாமல் வீட்டில விதை போட்டா எல்லாம் பூஞ்சணம் பிடிக்குது. எங்க பிழைக்குது?

வெடித்த காயின் விதையைப் பாவித்தால் பாதி வழியிலேயே தோற்றுவிட்டீர்கள். பச்சைக்காய் எடுங்கள். மகரந்தம் சேர்த்ததிலிருந்து டென்ரோபியத்துக்கு மூன்றரை மாதமளவில், பலனொப்சிஸுக்கு நாலு ஐந்து மாதத்தில், வாண்டாவுக்கு ஆறு மாதத்துக்கு மேல். வெடிக்காத காய்க்குள் கிருமி கிடையாது, ஆகவே வெளித்தோலைக் கழுவினால் போதும். சேர்க்கை நடந்த திகதியைக் காய்க்காம்பில் கட்டி வையுங்கள்.

காயைச் சவர்க்காரமும் பழைய பல்தூரிகையும் போட்டுத் தேயுங்கள், பூ ஒட்டிய காய்ந்த நுனியை வெட்டுங்கள். உடுப்பு வெளுக்கும் குளோரின் திரவம் (5 வீதமளவு சோடியம் ஐப்போகுளோரைற்று) ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி: இதில் 20 நிமிடம். வினாகிரியை இதற்குக் கிட்டவும் கொண்டுவராதீர்கள், நச்சு வாயு வரும்.

ஊடகத்தை ஜாம் போத்தலில் இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, மேலே அலுமினியத் தாள் சுற்றி, பிறஷர் குக்கரில் ஆவி வந்து நிறை போட்ட பிறகு 25 நிமிடம். உள்ளே உள்ள அமுக்கம் தானாக இறங்கட்டும், நிறையைத் தூக்கினால் ஊடகம் பொங்கி மூடியில் ஒட்டும், அந்த ஒட்டல்தான் பூஞ்சணத்தின் வாசல். வேலை செய்ய, பெரிய தெளிந்த பிளாஸ்ரிக் பெட்டியில் கைவிட இரண்டு ஓட்டை போட்டு உள்ளே 70 வீத ஸ்பிரிற் தெளித்து 15 நிமிடம் மூடி விடுங்கள். அந்தப் பெட்டிக்குள் நெருப்பு கொண்டுபோகவே கூடாது, ஆவி பற்றும். கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் குக்கரிலேயே அவித்துத் தாளில் சுற்றி வையுங்கள். மின்விசிறி நிற்கவேண்டும், கதைக்கவும் கூடாது. மூன்று நாளில் பால்போல் கசிவு தெரிந்தால் பக்ரீறியா, கிழமைக்குள் பஞ்சு தெரிந்தால் பூஞ்சணம். பிடித்த போத்தலைத் திறக்காமலே திருப்பி அவித்து எறியுங்கள்.

14. முளைச்ச பிறகு போத்தலுக்குள்ள பெருக்க எவ்வளவு ஓமோன் போடுறது? தராசு மில்லிகிராம் காட்டாதே.

அதற்குத்தான் இருப்புக் கரைசல். 0.10 கிராம் பி.ஏ.பியை 2 மில்லிலீற்றர் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் (100 மில்லிலீற்றருக்கு 4 கிராம்) தெளியும்வரை கரைத்து, பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரை (கேள்வி 15) மெல்ல மெல்ல விட்டு 100 மில்லிலீற்றர் ஆக்குங்கள். ஒரேயடியாக ஊற்றினால் வெள்ளையாகத் திரண்டுவிடும். இப்போது 1 மில்லிலீற்றரில் 1 மில்லிகிராம். ஊசிமருந்துச் சிறிஞ்சால் அளக்கலாம். என்.ஏ.ஏயும் இப்படியே. சோடியம் ஐதரொட்சைட்டு தோலையும் கண்ணையும் எரிக்கும், கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

பெருக்கும் ஊடகத்துக்கு லீற்றருக்கு பி.ஏ.பி 1 முதல் 2 மில்லிகிராம், என்.ஏ.ஏ 0.1 முதல் 0.5 மில்லிகிராம். பச்சைக் குருணி போன்ற திரள்கள் பெருகும். இரண்டு மூன்று முறை பிரித்த பிறகு ஓமோன் இல்லாத ஊடகத்துக்கு மாற்றினால் இலை வரும். வேர்விட என்.ஏ.ஏ 0.5 மில்லிகிராமோடு, வாழைப்பழக் கூழ் 50 கிராமும் கிளர்வூட்டிய கரி 1 கிராமும். பி.ஏ.பி, என்.ஏ.ஏ இரண்டும் சூட்டில் கெடாது, ஆகவே குக்கருக்கு முன்பே சேர்க்கலாம்.

அடிக்கடி நடக்கும் ஒரு பிழை: கரி நல்லது என்று கேள்விப்பட்டுப் பெருக்கும் ஊடகத்திலும் கரி போடுவது. கரி, பி.ஏ.பியை உறிஞ்சிப் பிடித்துவிடும். ஓமோனும் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை என்பவர்களின் போத்தல் பெரும்பாலும் கறுப்பாகத்தான் இருக்கும்.

15. எங்கட கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி, குடிக்கிறனாங்கள். அது காணாதோ?

குடிக்கக் காணும், இதற்குக் காணாது. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். கேத்திலின் அடியைப் பாருங்கள், அந்த வெள்ளைப் படைதான் உங்கள் ஊடகத்தின் பி.எச்சைத் திருப்பித் திருப்பி மேலே இழுக்கிறது. இலையில் வெள்ளைப் புள்ளி, வேர்நுனி எரிவு, உரம் எடுக்காத மஞ்சள் எல்லாம் இதில் வருவன. கரையோரக் கிணறுகளில் உப்பும் சேரும். ஓமோன் பிழைத்துவிட்டது என்று வந்த முறைப்பாடுகளில் கனக்கத் தண்ணீர்ப் பிழையாக முடிந்திருக்கின்றன.

மாரியில் முதல் இரண்டு மூன்று மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதைத் தாங்கியில் பிடியுங்கள். வாயில் நுளம்பு வலை கட்டாயம். சாடிச் செடிக்கு அது போதும். ஊடகத்துக்கும் இருப்புக் கரைசலுக்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் சரி, ஆனால் பற்றரி அமிலம் அதே மாதிரிப் போத்தலில் வரும், லேபலை இரண்டுதரம் வாசியுங்கள்.

16. போத்தலுக்குள்ள வைச்ச கணுத்துண்டைச் சுத்திக் கறுப்பாக் கசியுது.

பலனொப்சிஸ் துண்டு வெட்டுவாயில் பீனோல் கசியவிடும், காற்றுப் பட்டுக் கறுத்து, அதே நஞ்சில் துண்டும் சாகும். வெட்டுவாய்கள் குறைவாக இருக்கட்டும், கத்தி கூர்மையாக இருக்கட்டும். முதற் கிழமை இருட்டில் வையுங்கள். கறுப்புத் தெரிந்தவுடன் புது ஊடகத்துக்கு, அல்லது அதே போத்தலில் ஓர் அங்குலம் தள்ளி மாற்றுங்கள். இரண்டு மூன்று தரம் மாற்ற நின்றுவிடும்.

17. போத்தல்ல நல்லா நிண்ட கன்றெல்லாம் வெளியில எடுத்த கிழமையே வாடிச் செத்துப்போச்சு. என்ன குறை?

போத்தலுக்குள் ஈரப்பதன் நூறு வீதம். அந்த இலைக்கு மெழுகுப்பூச்சு வளரவில்லை, இலைவாயை மூடவும் பழகவில்லை. ஆடிச் சோளகத்தில் வெளியே எடுத்தால் ஒரு பகலே போதும். மழை ஓய்ந்த மார்கழிக் கடைசி, தை இதற்குரிய காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எடுத்தால் அழுகல் பிடிக்கும்.

மூடியைத் திறந்து ஒன்றிரண்டு நாள் வீட்டுக்குள் விடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அகார் முழுவதும் போகக் கழுவுங்கள், மிஞ்சிய சீனியில்தான் பூஞ்சணம் ஏறும். கப்ரான் என்ற பூஞ்சணக்கொல்லிக் கரைசலில் சில நிமிடம் தோய்த்து, பத்துப் பதினைந்தை ஒரே சாடியில் நெருக்கமாக நடுங்கள். அடியில் ஓட்டுத்துண்டு, மேலே ஊறவைத்துப் பிழிந்த தும்பும் பொடித்த ஊமற்கரியும். தும்பை மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தால்தான் உப்பும் காவியும் போகும். மேலே பிளாஸ்ரிக் மூடி, அதற்கு மேலே 75 வீத நிழல்வலை அல்லது இரட்டைக் கிடுகு. ஒரு கிழமைக்குப் பிறகு மூடியை நாளுக்குக் கொஞ்சமாகத் திறந்து, நாலு கிழமையில் எடுத்துவிடுங்கள். இந்த நேரத்தில் ஓமோன் எதுவும் வேண்டாம். புது வேர் தெரிந்த பிறகு உரம், லேபலில் சொன்னதில் கால்வாசி.

18. ஓமோன் போட்ட குட்டியின்ரை பூ தாயைப்போல வருமோ, மாறுமோ?

பேஸ்றில் வந்த கெய்க்கி தாயேதான், பூவும் அதேதான். விதையில் வந்தது அப்படியல்ல, ஒரே காயின் நூறு கன்றும் நூறு விதம். போத்தலில் பி.ஏ.பியோடு திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டே போனால் சிலவற்றில் பிறழ்வு வரும்: இதழ் ஒட்டிய பூ, கோணிய உதடு, பூக்கவே மறுக்கும் செடி. தைடையசூரனை வேண்டாம் என்று கேள்வி 2இல் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு துண்டிலிருந்து ஆயிரம் எடுக்க ஆசைப்படாமல் நாலைந்து சுற்றோடு நிறுத்துங்கள்.

தாய்க்கு வைரசு இருந்தால் குட்டிக்கும் அது போகும். சிம்பிடியம் மொசேக் வைரசும் ஒடொன்ரோகுளொசம் வளையப்புள்ளி வைரசும் வெட்டும் கத்தியில்தான் செடிவிட்டுச் செடி பரவுகின்றன. இலையில் குழிந்த கறுப்புக் கோடு, பூவில் நிறமுறிவு தெரிந்த செடியில் பேஸ்ற் பூசாதீர்கள். ஒவ்வொரு செடிக்கும் புது பிளேட். பத்துச் செடிக்கு ஒரு பிளேட் என்று மிச்சம்பிடிப்பது நட்டம்.

19. வன்னியில மரத்தில நிக்கிற காட்டு வாண்டாவை எடுத்து வந்து பெருக்கலாமோ?

ஒதுக்கிய காடுகளில் செடி பிடுங்குவது சட்டத்துக்கு மாறு, ஓர்கிட் குடும்பம் முழுவதும், அருகும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கைப் பட்டியலிலும் இருக்கிறது. உலர்வலயக் காட்டு வாண்டா பெயர்த்து வந்தால் பெரும்பாலும் வேர் உடைந்து சாகவும் செய்யும். வீட்டில் ஏற்கெனவே பூக்கும் வாண்டா உள்ளவரிடம் ஒரு காய் கேட்டு வாங்குங்கள், ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில் விதை இருக்கிறது (கேள்வி 12, 13).

20. மிச்ச ஓமோனை எங்க வைக்கிறது? எவ்வளவு காலம் தாங்கும்?

பி.ஏ.பி, என்.ஏ.ஏ தூள்கள் இறுக மூடி, ஈரமில்லாமல், வெளிச்சம் படாமல் இருந்தால் வருடக்கணக்கில் தாங்கும். கரைசலைக் கபில நிறப் போத்தலில் குளிரூட்டியின் கீழ்த்தட்டில் மூன்று மாதம் வைக்கலாம், அடியில் படிவோ மேலே படலமோ தெரிந்தால் கொட்டுங்கள். பேஸ்ற் ஒரு வருடம். மணம் மாறினால் லனோலின் பழுதாகிவிட்டது. எல்லாப் போத்தலிலும் பெயர், செறிவு, கரைத்த திகதி மூன்றும் எழுதி ஒட்டுங்கள். குளிரூட்டியில் தண்ணீர்ப் போத்தல் வடிவத்தில் எதையும் வைக்காதீர்கள், பிள்ளைகள் எட்டும் தட்டிலும் வேண்டாம்.